இஸ்திரி ஸ்விட்ச்

எங்கள் வீட்டுக்கும் ரொட்டிக்காரர் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். ஒரு பெரிய வீட்டைக் குறுக்கே மறித்து இரண்டு குடித்தனமாக்கியிருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒயரிங் செய்ததும் ஒரே ஆள்தான், ரொட்டிக்காரர் மனைவியின் தம்பி. சட்டைப் பையில் எந்நேரமும் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் குத்தியிருப்பதால் அவருக்கு டெஸ்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரே பெட்டியிலிருந்து எடுத்து எங்கள் பக்கம் பாதி, அவர்கள் பக்கம் பாதி என்று ஸ்விட்சுகளை மாட்டினார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான், கண்ணால் பார்த்தேன். எங்கள் பக்கம் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. அவர்கள் பக்கமோ ஒன்றை மாற்றினால் இன்னொன்று போய்க்கொண்டிருந்தது.

அது ஏன் என்று தெரியாமல் எனக்கு மண்டை குடைந்தது. நான் பஸ் டிப்போவில் டயர் பிரிவில் இருக்கிறவன். ஒரு டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து வந்தால், ஏன் அந்தப் பக்கம் என்று கேட்காமல் கழற்ற மாட்டேன். வீட்டிலும் அதே புத்திதான். "ஊர்ல எந்த அடுப்புல என்ன வேகுதுன்னு தெரியாட்டா உங்களுக்குச் சோறு இறங்காதே" என்பாள் என் மனைவி. சொல்லிவிட்டு, "சரி, என்னவாம் அங்க?" என்று அவளே கேட்பாள்.

ரொட்டிக்காரர் பேக்கரியில் ராத்திரி அடுப்பு பார்க்கிறவர். விடிகிற நேரத்தில் காது மடலெல்லாம் மாவாக வந்து, ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டுப் படுத்தால் மாலையில்தான் எழுந்திருப்பார். அவர் படுக்கிற அறை முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில். கதவு கிடையாது, இரண்டு பக்கமும் திரைதான். ஆகவே பகல் முழுக்க அந்த வீடு நுனிக்காலில் நடந்தது. அவருடைய மனைவி முன்னறையில் மேஜை போட்டு, தெருவில் உள்ளவர்களின் துணிகளை வாங்கித் தேய்த்துக் கொடுப்பாள். தெருவுக்கே அவள் இஸ்திரியக்கா. என்னைவிடச் சின்னவள் என்பதால் நான் மட்டும் "ஏம்மா" என்பேன். பெட்டியை மேஜைமேல் வைக்கிற சத்தம்கூட வெளியில் வராது, அடியில் நான்காய் மடித்த போர்வை போட்டிருப்பாள். அவளுடைய மாமனாருக்குக் காது மந்தம். அவர் ரகசியம் சொன்னால் தெருமுனையிலிருந்து பதில் வரும். அதனால் பகலில் அவருக்குப் பேச அனுமதியில்லை, வேண்டியதைக் கையால்தான் காட்டுவார். டீ வேண்டுமென்றால் கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்ப்பார். தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்து வேறு என்னமோ நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கோடையில் இஸ்திரிப்பெட்டி ஸ்விட்ச் மறுபடியும் கருகியது. பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம் திரையைத் தாண்டிப் போய், ரொட்டிக்காரர் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். சுவரில் பழுப்பேறிய வட்டத்தைப் பார்த்தார். "சொந்தக்காரன்னு வேலையக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். மட்டச் சரக்க மாட்டிட்டுப் போயிருக்கான்" என்றார். வீட்டுக்குள் சொன்னதோடு விட்டிருந்தால் வீட்டோடு போயிருக்கும். பேக்கரியிலும் போய்ச் சொன்னார். உலைக்கு மூடி உண்டு, ஊர் வாய்க்கு மூடி ஏது? ரொட்டி போன வீட்டுக்கெல்லாம் பேச்சும் கூடவே போயிற்று. டெஸ்டருக்கு வந்துகொண்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. கருகிய ஸ்விட்சை அதே சரக்கில் மாற்றிக்கொடுத்ததோடு, அவரும் அக்கா வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

நான் இதில் தலையிட்டது ஒரு வாரவிடுமுறை நாளில். இஸ்திரியக்கா கையில் பெட்டியும் தோளில் சட்டைகளுமாக எங்கள் வாசலில் நின்றாள்.

"அண்ணே, உங்க பிளக்ல ரெண்டு சட்டை தேய்ச்சுக்கவா? எங்க ஸ்விட்ச் திரும்பச் சீறுது."

"சீறுதுன்னா?"

"போட்டா உள்ள ஸ்ஸ்னு ஒரு சத்தம். அமத்தினா இடுக்குல சின்னதா வெளிச்சம் தெரியுது. அவர் எழுந்து பார்த்தார்னா என் தம்பி கதை முடிஞ்சுது."

என் மனைவி சாப்பாட்டு மேஜையை ஒழித்துக்கொடுத்தாள். இஸ்திரியக்கா முதல் சட்டையின் காலரை விரித்துப் பெட்டியை வைத்தவள், அப்படியே நின்றாள்.

"பேக்கரில புது அடுப்பறை கட்றாங்கல்ல. அந்த ஒயரிங் யாருக்குங்கறத முதலாளியம்மா இன்னிக்குச் சொல்றாங்களாம். உன் மச்சான் எப்படின்னு இவர்கிட்ட கேட்டிருக்காங்க. என் வீட்டு ஸ்விட்சே நிக்கலன்னு சொல்லிட்டு வந்திருக்கார். அது கிடைக்கலன்னா இந்த ஊரே வேணாம், வேற எங்கயாவது போறேன்னு தம்பி சொல்லி அனுப்பிட்டான்."

"காலர் தீயப் போகுது" என்றாள் என் மனைவி.

இஸ்திரியக்கா பெட்டியைத் தூக்கினாள். "இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் தம்பி. யார் யாரச் சொன்னாலும் எனக்குத்தான் வலிக்குது. அவன் அப்படிப்பட்டவன் இல்லண்ணே. ஒரு ஆணி அடிச்சாக்கூட ஆட்டிப் பார்த்துட்டுத்தான் நகருவான்."

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது நிஜம். ஆனால் இரக்கத்தைவிட ஒரு படி முன்னால் என் குடைச்சல் நின்றது.

"ஏம்மா, இதுவரைக்கும் எந்தெந்த ஸ்விட்ச் போச்சு?"

"இஸ்திரிக்குள்ளதுதான் அடிக்கடி. அப்புறம் முன்னறை ஃபேன். சமையக்கட்டு லைட்டு. நடு அறையிலகூட ஒண்ணு."

"போகாதது?"

யோசித்தாள். "பின்னால குளிக்கற ரூம்ல இருக்கே, அது மட்டும் அன்னிக்கி மாட்டினது. கல்லு மாதிரி இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஈரம் படுகிற இடத்தில் இருக்கிற ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது, காய்ந்த சுவரில் இருப்பது கருகுகிறது. ஊர் உலகத்தில் எல்லாம் நேர்மாறாகத்தானே நடக்கும்? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டெஸ்டர் கடைத்தெருவில் எலெக்ட்ரிக் சாமான் கடை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வேலைக்கு ஆள் தேடி வருகிறவர்கள் அங்கேதான் வருவார்கள். பக்கத்தில் இருந்த இரண்டு பேரை யாரோ கூட்டிக்கொண்டு போக, இவர் மட்டும் மிச்சம் இருந்தார். வெயில் பெஞ்சில் பாதிவரை ஏறியிருந்தது.

"நான் வரலண்ணே. மாமா முகத்துல முழிக்க மாட்டேன்."

"அவர் தூங்கிட்டிருக்கார் தம்பி. கண்ணை மூடிட்டிருக்கறவர் முகத்துல நீ எப்படி முழிப்பே?"

சிரிப்பு வரவில்லை அவருக்கு. "சமாதானம் பேசக் கூப்பிடறீங்க."

"சமாதானம் யாருக்கு வேணும்? ஏன் கெடுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். ஒரே பெட்டிச் சரக்கு. என் வீட்ல நிக்குது, அங்க நிக்கல. குளிக்கற ரூம்ல நிக்குது, முன்னறைல நிக்கல. உனக்குத் தெரிஞ்சுக்க ஆசையே இல்லையா?"

"ஆசையா? ராத்திரி கண்ணை மூடினா அந்த ஸ்விட்சுதான்ணே முன்னால வந்து நிக்குது. ஒவ்வொரு தடவையும் புதுசு மாத்திட்டு நானே நாலு தரம் போட்டுப் போட்டுப் பார்த்தேன். அக்காவையும் போடச் சொன்னேன். சும்மா கும்முனு இருந்துச்சு."

"எப்பப் போவே?"

"சாயங்காலம்தான். மாமா எழுந்தப்புறம். பகல்ல சுத்தியல் தூக்க முடியுமா அங்க?"

வந்தார். அவர்கள் வாசலில் மெயினை அணைத்துவிட்டு, இஸ்திரி ஸ்விட்சை மட்டும் சத்தமில்லாமல் கழற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார். அக்கா ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, தேய்த்த சட்டையையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்விட்சின் முதுகை நெம்பித் திறந்தார். உள்ளே இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. ஒரு சின்ன உலோகத் தகடு, ஒரு ஸ்பிரிங், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு பொட்டு.

"இந்தத் தகடு சீசா பலகை மாதிரிண்ணே. வெளில நாம அமுக்கறோம்ல, அப்ப இந்த ஸ்பிரிங் முரண்டு பிடிக்கும். நடுவைத் தாண்டற வரைக்கும்தான் முரண்டு. தாண்டிட்டா அதுவே தகட்டைப் பட்டுனு அந்தப் பக்கம் தள்ளிவிடும். இந்தப் பொட்டு அந்தப் பொட்டு மேல போய் உக்காரும். கரண்ட் போகும். திருப்பி அமுக்கினா எழுந்துரும், கரண்ட் நின்னுரும். இவ்வளவுதான் ஸ்விட்ச்."

"அப்ப டக்குனு கேக்கறது?"

"தகடு பாயற சத்தம். கரண்டுக்குச் சத்தம் ஏது?"

இத்தனை வயதுக்கு நான் அதைக் கரண்ட் வருகிற சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியில் சொல்லவில்லை.

"பொட்டு ஏன் கரியா இருக்கு?"

"ரெண்டு பொட்டும் பிரியும்போது நடுவுல பொறி வரும். எல்லா ஸ்விட்சுலயும் வரும், இஸ்திரிப்பெட்டி மாதிரி நிறைய இழுக்கற சாமானுக்குப் பெருசாவே வரும். ஆனா பிரியறது வெடுக்குனு முடிஞ்சுட்டா அது அங்கயே செத்துரும். அதுக்குத்தான் ஸ்பிரிங்கே." பொட்டை நகத்தால் சுரண்டினார். கரி உதிர்ந்தது, அடியில் குழி. "இது பொறி நின்னு எரிஞ்சிருக்கு. பொட்டு கருகிட்டா கரண்ட் தடுமாறும். தடுமாறினா சூடு. சூட்டுல ஸ்பிரிங் தளரும். தளர்ந்தா பொட்டு சரியா உக்காராது, இன்னும் சூடு. ஒண்ண ஒண்ணு கெடுத்துட்டே போகும். ஆனா முதல்ல ஆரம்பிச்சது எதுன்னுதான் பிடிபடல."

"எறும்பு?"

"எறும்பு புகுந்தா செத்துக் கிடக்கும், நாறும். ஒண்ணுகூட இல்லயே."

"ஒயர் லூசா இருந்தா?"

"இருந்தா திருகுப் பக்கம் கருகும். திருகு பாருங்க, பளபளன்னு இருக்கு."

"கரண்ட் ஏறி இறங்குதோ?"

"உங்களுக்கும் அதே லைன்தானே."

எங்கள் மெயினையும் அணைத்து, பிளக் ஸ்விட்சையும் கழற்றச் சொன்னேன். அதைத் திறந்து பக்கத்தில் வைத்தார். அதே அச்சு, அதே தகடு. பொட்டு மட்டும் வெள்ளி மாதிரி மினுங்கியது. டெஸ்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சரக்கு மட்டமில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து, உடனே போய்விட்டது. "நமக்குத் தெரிஞ்சு என்ன? ஏன் கருகுதுன்னு சொல்லாம, சரக்கு நல்லதுதான்னு சொன்னா மாமா சிரிப்பார்."

என் மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எனக்கு ஒரு சந்தேகம். அவங்க வீட்டு ஸ்விட்ச் சத்தம் சாயங்காலமானா சுவர் வழியா டக்கு டக்குனு கேக்குது. பகல்ல கேக்கறதே இல்ல."

"பகலுக்குத் தனியா ஸ்விட்ச் வச்சிருக்காங்களோ" என்றேன் நான் கிண்டலாக.

டெஸ்டர் கிண்டலைக் காதில் வாங்கவில்லை. அக்காவைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். கழற்றிய இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு ஸ்விட்சுகளின் இடத்திலும் புதியதை மாட்டி இரண்டு பக்க மெயினையும் போட்டார். பிறகு அவர் முன்னே, இஸ்திரிப்பெட்டியோடு அக்கா பின்னே, கடைசியில் நான் என்று நுனிக்காலில் அந்த வீட்டுக்குள் நுழைந்தோம். திரைக்குப் பின்னால் ரொட்டிக்காரரின் மூச்சுச் சத்தம் சீராகக் கேட்டது.

இஸ்திரிப்பெட்டியைப் போடச் சொல்லி டெஸ்டர் சைகை காட்டினார்.

இஸ்திரியக்கா ஸ்விட்சின் ஒரு முனையில் கட்டைவிரலை வைத்தாள். மறு முனையை ஆள்காட்டி விரலால் தாங்கிப் பிடித்தாள். பிறகு, தூங்குகிற குழந்தையைப் பாயில் இறக்குகிறவளைப் போல, மெல்ல மெல்ல இறக்கினாள். டக் என்ற சத்தமே இல்லை. உள்ளே ஸ்ஸ் என்று மட்டும் கேட்டது, பெட்டியின் சிவப்பு விளக்கு ஒரு தடவை நடுங்கிவிட்டு எரிந்தது.

மூலையில் உட்கார்ந்திருந்த மாமனாருக்கு நாங்கள் எதையோ சோதிக்கிறோம் என்று புரிந்துவிட்டது. தானும் உதவ எழுந்து வந்து, ஃபேன் ஸ்விட்சை அதேபோல இரண்டு விரலால் தாங்கி இறக்கிக் காட்டினார். சத்தம் வந்ததா வரவில்லையா என்று அவருக்கு எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. நம்பிக்கையாகத் தலையை ஆட்டினார்.

டெஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை நாளா இப்படி?" என்று மூச்சுக் குரலில் கேட்டார்.

"இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து. டக்குன்னா அவர் புரண்டு படுப்பார். அடுப்பு முன்னால வெந்துட்டு வர மனுஷன். அதான் எல்லாருமே இப்படித்தான்."

"சாயங்காலம் நான் வந்தப்ப இப்படிப் போடலியே?"

"அப்பதான் அவர் எழுந்துட்டாரே. எதுக்கு?"

"குளிக்கற ரூம்ல?"

"அது பின்கட்டுல இருக்கு. அங்க சத்தம் போட்டா யாருக்குக் கேக்கும்?"

டெஸ்டர் பையிலிருந்து கருகிய ஸ்விட்சை எடுத்து, தகட்டைக் கையால் மெதுவாக நகர்த்திக் காட்டினார். பாய வேண்டிய தகட்டைப் பாயவிடாமல் பிடித்துக்கொண்டால் பொட்டும் பொட்டும் தொட்டும் தொடாமலும் நிற்கும், அந்த நேரம் முழுக்கப் பொறி எரியும். ஒரு நாளைக்கு அவள் பெட்டியை எத்தனை தரம் போட்டு அணைப்பாள்? அத்தனை தரமும் எரியும். இஸ்திரியக்காவுக்கு இரண்டாவது வாக்கியத்திலேயே புரிந்துவிட்டது.

"அப்ப நான்தானா?" என்றாள். "நான்தான் கெடுத்தேனா? என் கையாலயே உன் பேரக் கெடுத்துட்டு, உனக்காகச் சாமிய வேற வேண்டிக்கிட்டிருந்தேனாடா?"

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த வீட்டில் பகலில் அழுகைக்கும் சத்தம் கிடையாது. தோள்தான் குலுங்கியது. டெஸ்டர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுக்கா, விடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இவ்வளவு நாள் குடைந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, ஆனால் சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

மாமனாரால் பொறுக்க முடியவில்லை. "என்னடா சொல்றான் அவன்?" என்று கேட்டுவிட்டார். தெருவில் ஒரு நாய் எழுந்து நின்றது.

திரை விலகியது. ரொட்டிக்காரர் கசங்கிய முகத்தோடு நின்றார். மச்சானைப் பார்த்தார், தரையில் கிடந்த ஸ்விட்சைப் பார்த்தார்.

"இவன் எப்ப வந்தான்?"

இஸ்திரியக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நான் சொல்றேங்க. அவன் போட்ட சரக்குல ஒண்ணும் இல்ல. கெடுத்தது நான், உங்க அப்பா, இந்த வீட்ல இருக்கற எல்லாரும். உங்க தூக்கம் கலையக் கூடாதுன்னு மெதுவா அமுக்கி அமுக்கிக் கெடுத்திருக்கோம்."

"ஸ்விட்சுல மெதுவா என்ன, வேகமா என்ன?" என்றார் அவர். நம்பாத குரல்தான்.

இஸ்திரியக்கா புது ஸ்விட்சை எப்போதும்போல இறக்கிக் காட்டினாள். ஸ்ஸ். பிறகு, பகலில் முதல்முறையாக, விரலை எடுத்துவிட்டுத் தட்டினாள். டக். மறுபடி மெதுவாக, இடுக்கில் நீலமாக வெளிச்சம். மறுபடி டக். ரொட்டிக்காரர் குனிந்து, கண்ணைச் சுருக்கி நான்கைந்து தடவை பார்த்தார்.

"அடுப்புக் கதவைப் பாதி திறந்து வச்சுட்டு நின்னா ரொட்டி ஒரு பக்கம் தீஞ்சு ஒரு பக்கம் வேகாமப் போகும். திறந்தா படக்குனு திறக்கணும், மூடினா படக்குனு மூடணும். அது மாதிரியா?"

"அதேதான் மாமா" என்றார் டெஸ்டர். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வாயிலிருந்து வந்த மாமா அது.

ரொட்டிக்காரர் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து சட்டையை மாட்டினார். கருகியதையும், டெஸ்டர் எடுத்துக் காட்டிய எங்கள் வீட்டு ஸ்விட்சையும் பையில் போட்டுக்கொண்டு, "வா மாப்ள" என்றார்.

"எங்க மாமா?"

"வான்னா வா."

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

பேக்கரியில் மாலை ரொட்டிக்கு வரிசை தொடங்கியிருந்தது. முதலாளியம்மா கவுண்டரில் இருந்தார். ரொட்டிக்காரர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"இத நேத்துச் சொல்லியிருக்கக் கூடாதா? மத்தியானம்தான் வேற ஆளுக்குச் சொல்லி அனுப்பினேன். நீ சொன்னத வச்சுத்தானேப்பா முடிவு பண்ணேன். வார்த்தையக் குடுத்துட்டு இப்ப மாத்தினா நல்லாருக்குமா?"

"பரவால்லம்மா" என்றார் டெஸ்டர். சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். சட்டைப் பையில் குத்தியிருந்த டெஸ்டரை எடுத்தார், திரும்பவும் வைத்தார்.

ரொட்டிக்காரர் வரிசையை ஒருதரம் பார்த்தார். பிறகு, "இன்னிக்கு இந்த வரிசைய நான் பார்த்துக்கறேம்மா" என்றார். முதலாளியம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார். அத்தனை வருஷத்தில் ரொட்டிக்காரர் கவுண்டருக்கு வந்ததே இல்லை, அடுப்போடு சரி. இரண்டு ஸ்விட்சுகளையும் திறந்தபடி பலகைமேல் வைத்தார். ரொட்டி கேட்டவர்களுக்கு ரொட்டியைக் கொடுக்காமல் அவற்றைக் காட்டினார்.

"இது பக்கத்து வீட்டுது, இது எங்க வீட்டுது. ஒரே சரக்கு. என் மச்சான் மட்டமா மாட்டிட்டான்னு நான் சொன்னது பொய். அவன் மாட்டினது நல்ல சரக்கு. இந்தப் பொட்டைப் பாருங்க."

ஒவ்வொருவருக்கும் சொன்னார். தகடு, ஸ்பிரிங், பொறி என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டதை அரைகுறையாகக் கலந்து சொன்னார். சிலர் சிரித்தார்கள், சிலர் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அவசரக்காரர் ஒருவர், "எனக்கு ரொட்டி போதுங்க, ஸ்விட்ச் வேணாம்" என்றார். அவரையும் விடவில்லை. வரிசை தெருவுக்கு நீண்டது. வாசலில் டெஸ்டர் கூச்சத்தில் நெளிந்தார். "போதும் மாமா, விடுங்க" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

தபால்காரரின் முறை வந்தது. அவர் நிதானஸ்தர். ஸ்விட்சை வெளிச்சத்தில் பிடித்து முழுவதும் கேட்டார். "சரி, புரிஞ்சுது. மெதுவா அமுக்கினதால கெட்டுது. ஆனா எதுக்கு மெனக்கெட்டு மெதுவா அமுக்கினாங்க? வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல, நான் தூங்கறேன்னு..." என்று தொடங்கினார் ரொட்டிக்காரர்.

அதற்குமேல் வரவில்லை. அவ்வளவு நேரம் தகட்டையும் பொட்டையும் சொல்லிக்கொண்டு வந்தவர், அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டார். "எல்லாரும்... எங்க அப்பாகூட..." என்றார். பலகையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்தார். தோள் குலுங்கியது.

டெஸ்டர் வாசலிலிருந்து வந்தார். கவுண்டர் ஓரத் தடுப்புப் பலகையைத் தூக்கி உள்ளே போய், மாமாவின் முதுகில் கையை வைத்து மெல்ல அடுப்பறைப் பக்கம் திருப்பிவிட்டார். பிறகு அந்த இடத்தில் தான் நின்றுகொண்டார்.

"மாமாவுக்கு அடுப்பு வேலை இருக்கு" என்றார். "உங்களுக்கு எத்தனை ரொட்டி சார்?"